கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார்!

என் கணவருக்கு வயது 67. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து 18 நாள் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. பாத்ரூம் போக மட்டும் வாக்கரைப் பிடித்து எழுகிறார். மற்ற நேரமெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தே கிடக்கிறார். பயிற்சி செய்யச் சொன்னால், ‘வலி எனக்கா, உனக்கா?’ என்று எரிந்து விழுகிறார். எப்படித்தான் நடக்க வைப்பது?
- வாசகி, கும்பகோணம்

முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். காலை மடக்கி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு அப்படியே இறுகி, முழுதாக நிமிராமல் போய், பிறகு விந்தி விந்தித்தான் நடக்க முடியும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தன் எடையிலேயே நிமிரட்டும். ஒரு வேளைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை.

முதல் ஆறு வாரம்தான் முக்கியம். அசைக்காமல் விட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகும். கால் 90 டிகிரிகூட மடங்காமல் நின்றுவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட நேரலாம். இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த செக்கப்பில் டாக்டரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அவருடைய கோபத்தைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். உள்ளே வைத்தது கழன்றுவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. சிமென்ட் வைத்துப் பொருத்திய மூட்டு ஆபரேஷன் தியேட்டரிலேயே இறுகிவிடுகிறது. அதனால்தான் ஓரிரு நாளிலேயே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். மாத்திரை நேரத்தையும் கவனியுங்கள். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு பயிற்சி செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். முடிந்ததும் காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

‘நடங்க, நடங்க’ என்பதை இன்றோடு நிறுத்துங்கள். காபி, பேப்பர், டி.வி. ரிமோட், தண்ணீர்ச் செம்பு எல்லாம் ஹாலில் இருக்கட்டும். எதுவும் கட்டிலுக்கு வர வேண்டாம். கல்நெஞ்சம் என்பார், பரவாயில்லை. ஹாலில் கைப்பிடி வைத்த, 18 முதல் 20 அங்குல உயர நாற்காலி போடுங்கள். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்து எழ முடியாமல் ஒருமுறை தவித்தால், மறுநாள் ஹால் பக்கமே வரமாட்டார். ஒரேயடியாக அரை மணி நடப்பதைவிட, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடப்பது மேல்.

அதே நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையோடு தேய்த்துப் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். இப்படி 10 முறை. கட்டைவிரல் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு. பெண்டாட்டி பேச்சுக்கு மசியாத ஆண்கள் இந்தக் கோட்டுக்கு மசிந்துவிடுவார்கள்! மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

கெண்டைக்காலில் தைலம் போட்டு நீவாதீர்கள். அங்கே வலியும் வீக்கமும் புதிதாக வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தையல் இடத்தில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108.