எந்த வீடு நம் வீடு? – வாசகியர் கேள்விகள்

கேள்வி: பிறந்தது தென்காசிப் பக்கம், பிள்ளைகளை வளர்த்தது நெய்வேலியில், இப்போது இருப்பது வடலூரில் என்று எழுதியிருந்தீர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: கல்யாண வீட்டில் கேட்டால் தென்காசி என்பேன். பஸ்ஸில் கேட்டால் வடலூர். ஆனால் என் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் நெய்வேலி என்பார்கள். அங்கே எங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. இருந்தது குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

1986-ல் கல்யாணமாகி அங்கே போனேன். அவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில்தான் தூக்கம். பெரியவள் அப்போது கைக்குழந்தை. சின்ன வீடு, குழந்தை சிணுங்கினாலே அவர் விழித்துக்கொள்வார். சமையலை முடித்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பலாமரத்தடிக்குப் போய்விடுவேன். கிளையில் பழைய புடவையில் தூளி. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே பாடு. அவரும் தன் பையனோடு வேலியோரம் வந்து உட்காருவார். குசுகுசுவென்று பேசிக்கொண்டே கீரை ஆய்வோம். உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வாய்விட்டுச் சிரிப்போம். சித்திரை, வைகாசியில் காற்றில் முந்திரிப்பழ வாசனை தூக்கலாக வரும். என் பிள்ளைகளுக்கு வீடு என்றால் அந்த மரத்தடிதான். அங்கே ஓடித்தான் நடக்கவே பழகினார்கள்.

எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாவிடம் ஒரு நாள், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "எங்க ஊரு சுரங்கத்துக்குள்ள போயிடுச்சும்மா. சாமிய மட்டும் எடுத்துட்டு வந்து காலனியில வச்சிருக்கோம்" என்றார். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் பல கிராமங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்திருக்கின்றன. குவார்ட்டர்ஸை விட்டு வந்த வருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் அவர் முன்னால் அதைப் பேச எனக்கு வாய் வராது. எனக்கு ஒரு நாள் காலி செய்ய வேண்டும் என்று முதலிலேயே தெரியும். அவருக்கு அப்படியா?

வடலூர் எனக்கு ஊரானது, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையில்தான். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையாமல் எரிகிறது. குடிவந்த புதிதில் காய் நறுக்க உட்கார்ந்தேன். யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை, அரிவாள்மணையைத் தள்ளி இடம் கொடுத்தார்கள். இப்போது ஒரு வாரம் போகாவிட்டால் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள்.

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர ஆசை. அவளோ சென்னையிலேயே இருக்கிறேன் என்கிறாள். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?
– வாசகி, பண்ருட்டி

பதில்: சம்பந்தி நினைப்பது கிடக்கட்டும். அவள் மாதாமாதம் காட்டுகிற டாக்டர் அங்கே இருக்கிறார் என்றால் நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள். அம்மா இருக்கும் இடம் அம்மா வீடுதான். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் சென்னை அடுப்பிலும் வேகும். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பத்தியம் என்று மகளைப் பட்டினி போடாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிள்ளை பெற்றவள் முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது உண்டு. அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், திருஷ்டி கழித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: கணவரின் ஓய்வுப் பணத்தில் மனை வாங்கப் போகிறோம். என் பேரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, சிதம்பரம்

பதில்: கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். இத்தனை வருஷம் அவர் வேலைக்குப் போய்வந்தது உங்கள் உழைப்பின் மேல். அந்தப் பணத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, உங்கள் பேரிலேயே வாங்குவது பற்றியும் அவரிடம் பேசிப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 1989-ல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். நான் அந்தக் கணக்கில் வெளியே நின்றேன். 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியதும் எங்களுக்கும் வழி பிறந்தது. எங்கள் வயல் அதுவரை பாகம் பிரிக்கப்படாமல் இருந்தது. பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் வந்தபோது, "என் பங்கு வேணும்ணே" என்றேன். கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை நின்றது. அது வலித்தது, மறைக்கவில்லை. இப்போது தைப்பூசத்துக்கு அண்ணனும் மதினியும் எங்கள் வீட்டில்தான் தங்குகிறார்கள். அந்தப் பங்கில் வாங்கிய மனையில்தான் இந்த வீடு நிற்கிறது. பட்டாவில் என் பேர்.

கேள்வி: மகன் பெங்களூருவில் வீடு வாங்கியிருக்கிறான். இங்கே இருப்பதை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்கிறான். போகலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: போங்கள், ஆனால் விற்காதீர்கள். மகன் பாசத்தில்தான் கூப்பிடுகிறான், அதில் சந்தேகமே வேண்டாம். இருந்தாலும் அங்கே உங்களுக்கு நடை எப்படி, பேச்சுத் துணை யார், மருமகளும் நீங்களும் ஒரே சமையலறையில் எப்படி ஒத்துப்போகிறீர்கள் என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தங்கிப் பாருங்கள். அதுவரை இந்த வீட்டைப் பூட்டி வைக்காமல் தெரிந்த குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள், ஒரு அறையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை விலாசத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வாடகைப் பணம் உங்கள் கணக்கில் வரட்டும்.