விற்றுப்போன இரட்டைக்குழல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பா 2021-ல் தவறினார். அவர் லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று .315 ரைஃபிள். இன்னொன்று தாத்தா காலத்து இரட்டைக்குழல். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் இரண்டும் வெளியே தெரியும், குழல் முழுக்க வரிவரியாக இருக்கும். இரண்டையும் டீலரிடம் டெபாசிட் செய்தோம். அண்ணன் மஸ்கட்டில், நான் பெங்களூரில். வாடகை ஏறிக்கொண்டே போனதால் 2023-ல் இரண்டையும் டீலர் மூலமாகவே விற்றுவிட்டோம். ரைஃபிள் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. இரட்டைக்குழலை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. வாங்கியவர் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர். அதைத் திரும்ப வாங்க வழி உண்டா? அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டோமா என்ற உறுத்தலும் இருக்கிறது. இப்போது சித்தப்பாவும் தன்னிடம் உள்ள இரட்டைக்குழலை விற்கப் போகிறேன் என்கிறார். அவருக்கு 73 வயது. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்து எடுக்க முடியவில்லையாம். அவரிடம் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம்), தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டிலிருந்து போனது துப்பாக்கி மட்டுமல்ல. அதோடு வாரிசு என்கிற வழியும் போய்விட்டது. பணம் இருந்தும் திரும்ப வாங்குவது கடினமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதி வாரிசுகளுக்கானது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், அல்லது அவருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தால், வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். போலீஸ் அறிக்கை பாதகமாக இருக்கக் கூடாது, மற்றத் தகுதிகளும் வேண்டும். ஆனால் ‘உனக்கு எதற்குத் துப்பாக்கி?’ என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கிறது: குடும்பத்துப் பொருள். 2021-க்கும் 2023-க்கும் இடையில் நீங்கள் நின்றது அந்த இடத்தில். இப்போது நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் நீங்கள் புது மனுதாரர். உயிருக்கு ஆபத்து, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு என்று ஏதாவது ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும். அப்பாவின் ஞாபகம் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் மாவட்டத்தில் கூடுதலாக ஒரு முட்டுக்கட்டை உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் இல்லாமல் புது லைசென்ஸ் தரக் கூடாது. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறை எல்லாம் அதன் மடியில் கிடக்கும் ஊர்கள். தக்கலையில் உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இது உங்களைத் தொடலாம், தொடாமலும் போகலாம். மனு எழுதும் முன் தூரத்தைப் பார்த்துவிடுங்கள். பெங்களூர் முகவரியில்தான் குடியிருப்பு என்றால் மனுவே அங்கேதான் போக வேண்டும்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தோட்டக்காரர் உங்களுக்கு விற்பதற்கு, ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, யாருக்கு விற்கிறார் என்று பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். பிறகுதான் கைமாறலாம். எனவே இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். லைசென்ஸ் வரவில்லை என்றால் அந்தப் பணத்தை வாங்க நீங்கள் மார்த்தாண்டத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

இப்போது செய்யக்கூடியது ஒரு கடிதம். டீலர் கொடுத்த ரசீதில் கம்பெனி பெயர், துப்பாக்கி எண், குழல் அளவு இருக்கும். அதைக் குறிப்பிட்டு, ‘விற்கிற எண்ணம் வந்தால் எனக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். சட்டப்படி அவரைக் கட்டாது. ஆனால் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை மதிப்பதுண்டு. அவர் பிள்ளைகளும் வளைகுடாவிலோ பெங்களூரிலோதான் இருப்பார்கள்.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள். அதுதான் அவசரம். நீங்கள் சொல்லும் வரி, இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, சுற்றி, காய்ச்சி ஒட்டிச் செய்த டமாஸ்கஸ் குழலின் வரி. இவற்றில் பெரும்பாலானவை கருமருந்துக்காக, அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்துக்காக, செய்யப்பட்டவை. இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டால், தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால், இடது கை பிடிக்கிற இடத்தில், பிளக்கக்கூடும். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் உள்ள சோதனை முத்திரையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கி என்றால் 1904-க்குப் பிறகு புகையற்ற மருந்துக்குச் சோதித்த குழலில் கிரீடத்தின் கீழ் ‘என்பி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இல்லையென்றால் அதைச் சுவரில் மாட்டும் பொருளாகவே வைத்திருப்பது நல்லது. முத்திரை இருந்தாலும், நூறு வருடத் துருவைச் சுரண்டி எடுத்ததில் குழலின் கனம் குறைந்திருக்கலாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லட்டும்.

தோட்டா நீளமும் ஆளைக் கவிழ்க்கும். பழைய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி அறைகள் பல இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிடும். தோட்டாவின் மடிந்திருக்கும் வாய் வெடிக்கும்போதுதான் விரியும். விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்துக்குள் போகும், அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகுதே, அப்ப சரிதான்’ என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விலை விஷயம். ரசீதில் உள்ள தொகையை மட்டும் வைத்து ஏமாந்தீர்களா என்று சொல்ல முடியாது. எண்பதுகளின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதனால் நல்ல நிலையில் உள்ள இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு இங்கே எப்போதும் கிராக்கி. ஆனால் அந்தக் கிராக்கி சுடக்கூடிய துப்பாக்கிக்கு. டமாஸ்கஸ் குழல், வெளிச் சுத்தியல் என்றால் வாங்கும் கூட்டம் பாதியாகிவிடும். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் மேண்டன், ராடா என்று கல்கத்தாப் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். செய்தவர் வேறு. (1914-ல் வங்காளப் புரட்சிக்காரர்கள் 50 மௌசர் பிஸ்டல்களைக் கடத்தியது இந்த ராடா கம்பெனியின் சரக்கிலிருந்துதான்.) நல்ல டீலர் குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை ஆட்டிப் பார்ப்பார். லொடலொடத்தால் விலை இறங்கும். குழலை அடிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்று கேட்டால் நடுப்பட்டையின் பற்று நன்றாக இருக்கிறது, மொக்கையாகக் கேட்டால் விட்டிருக்கிறது. விற்கும் முன் உங்கள் வீட்டில் யாராவது புளி போட்டுக் குத்துவிளக்கு விளக்குவது மாதிரி எமரித்தாளால் அந்த வரியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்களா? அப்படியானால் பாதி விலை அங்கேயே போயிருக்கும்.

இனி சித்தப்பா. 70 தாண்டிவிட்டது, எனவே அவர் உயிரோடு இருக்கும்போதே 25-ஆம் விதி திறந்திருக்கிறது. அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். மனுவோடு மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இருந்தால் பின்னால் வில்லங்கம் வராது. சட்டம் ‘வாரிசு’ என்று யாரைச் சொல்கிறதோ அவருக்குத்தான் இது. அண்ணன் மகனான உங்களுக்கு, சித்தப்பாவுக்கு நேர் வாரிசு இருக்கையில், எளிதில் ஒத்துவராது. தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறவரிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தாலும் நடக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான், பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு. சுடவே லாயக்கில்லாத பழசுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்றால்தான் அந்த விலக்கு. சித்தப்பாவே லேத்துப் பட்டறையில் குழலை அடைத்துக் கொண்டுவந்தால் அது வேறு கேஸ் ஆகிவிடும்.

ஸ்டேஷனுக்குப் போவதுதான் தொந்தரவு என்றால், லைசென்ஸ் உள்ள டீலரிடம் டெபாசிட் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே வைத்தாலும் ரசீதில் எண்ணோடு நிலையும் எழுதியிருக்க வேண்டும்: ‘அடிக்கட்டையில் விரிசல் இல்லை, குழலில் துரு இல்லை’ என்று. கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். தோல் உறையோடு கொடுக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும், எடுக்கும்போது உறை பட்ட இடமெல்லாம் துரு இருக்கும். வாயில் துணி அடைப்பதும் அதே கதை. போதாததற்கு, மறந்துபோய்ச் சுட்டால் குழல் வெடிக்கும்.

வீட்டில் இருக்கும்போது தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது சிக்குப்பிடித்து, சுத்தியலை இயக்கும் பூட்டுக்குள் பிசினாகிவிடும். மெல்லிய மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டு, துடைத்தெடுத்த மாதிரி பூசினால் போதும். முதலில் திறந்து இரண்டு அறையும் காலி என்று பார்த்துவிட்டுத்தான் எதுவும். வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. எண்ணெய் ஊறிய கட்டை, பூட்டோடு சேரும் இடத்தில் கறுத்து மெதுவாகி, பிறகு பிளக்கும். நமக்கு இரண்டு மழைக்காலம், கூடவே கடல் காற்று. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். தோட்டா வேறு அலமாரியில், வேறு பூட்டில் இருக்கட்டும்.

அவர் லைசென்ஸ் எப்போது காலாவதியாகிறது என்று முதலில் பாருங்கள். முடிகிற சமயம் என்றால், பெயர் மாற்றும் மனு போட்டிருக்கிறோம் என்று சும்மா இருந்துவிடாமல் புதுப்பிக்கும் மனுவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.