வீட்டில் மட்டும் தரவுத்தளம் கடவுச்சொல் கேட்கிறது: என் யோசனை

வணக்கம். பள்ளி சந்தா கட்டும் தரவுத்தளங்களான பிரிட்டானிகாவும் (கலைக்களஞ்சியம்) எப்ஸ்கோவும் (கட்டுரைத் தொகுப்பு) பள்ளியில் நேராகத் திறக்கின்றன, வீட்டில் கடவுச்சொல் கேட்கின்றன, அதைப் பள்ளி இணையதளத்திலேயே போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். சந்தா உங்கள் பள்ளிக்கு மட்டும்தான். பொதுப்பக்கத்தில் போட்டால் ஊரே பார்க்கும்.

பள்ளியில் அந்தத் தளங்கள் அடையாளம் காண்பது மாணவரை அல்ல, பள்ளி இணைப்பின் ஐபி முகவரியை, அதாவது அந்த இணைய இணைப்புக்குரிய எண்ணை. வீட்டு இணைப்புக்கு வேறு முகவரி, அதனால்தான் தடுக்கிறது.

மாணவர்களுக்குக் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் பள்ளிக் கணக்கு இருக்கிறதா? இருந்தால் அதைக் கொண்டே உள்நுழைய வசதி உண்டா என்று சந்தா நிறுவனத்தின் உதவிப் பிரிவில் முதலில் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு கடவுச்சொல் என்றால் மறந்துதான் போகும். வீட்டிலிருந்து வருபவரையும் பள்ளியின் முகவரி வழியாகவே தளத்துக்கு அனுப்பும் ஈசிபிராக்சி என்ற மென்பொருளும் நல்ல கருவிதான், 1999 முதல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி அமைப்பு, பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். கல்லூரிக்குச் சரி, நான்கைந்து சந்தா உள்ள பள்ளிக்கு அதிகம்.

அதுவரை கடவுச்சொல்லைக் மாணவர்கள் உள்நுழைந்து பார்க்கும் இணைய வகுப்பறையான கூகுள் கிளாஸ்ரூமுக்குள் வையுங்கள். ஆண்டுதோறும் மாற்றுங்கள்.

அப்புறம், மாணவர்களுக்குக் கட்டுரை இணைப்பு அனுப்பும்போது முகவரிப் பட்டையில் உள்ளதை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள், அது சில நேரம் காலாவதியாகிவிடும். தளம் தரும் நிரந்தர இணைப்பையே கொடுங்கள். வீட்டில் திறக்குமா என்று சோதிக்கும்போது பள்ளி வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், மாணவர் கணக்கில் பாருங்கள். வீட்டில் இணையமே இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே பிடிஎஃப் இறக்கிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.