செயற்கைக் கால்களை வைத்துச் செய்யும் சிற்பங்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?

எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அதனால் அப்படி ஒரு சிற்பத்தின் முன் நின்றால் முதலில் சாக்கெட்டுக்குள்தான், அதாவது நம் கால் நுழையும் குழிக்குள்தான், எட்டிப் பார்ப்பேன்.

பெரும்பாலும் கடுப்புதான் மிஞ்சும். பழைய கால்களைக் குவித்து, மேலே ஒரு சிவப்பு விளக்கு. பார்ப்பவர் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் காலோடு ஒருவர் பஸ் பிடிக்க ஓடியதோ, கல்யாணப் பந்தியில் இடம் பிடித்ததோ அந்தக் குவியலில் தெரியாது.

இத்தனைக்கும் கால் செய்வதே சிற்ப வேலைதான். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் பகுதியில் ஈர பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுப்பார்கள். அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றிக் காய்ந்ததும் என் கால் வெள்ளையாக மேசைமேல் நிற்கும். டெக்னீஷியன் அரத்தை எடுத்து, முட்டிச்சில்லுக்குக் கீழே பாரம் தாங்க வேண்டிய இடத்தில் இழைப்பார். எலும்பு துருத்தும் இடத்தில் மாவு அப்பி மேடாக்குவார். அந்த மேடு ஒரு துளி குறைந்தாலும் சாயங்காலம் எனக்குப் புண். பொழுது ஏற ஏறக் கால் சுருங்கும் என்பது வேறு கதை. சாக்கெட் லூசாகாமல் இருக்க, காலையில் ஒரு சாக்ஸ், ராத்திரிக்குள் மூன்று.

எனக்குப் பிடித்தவையும் உண்டு. பிரிட்டன் சிற்பி டோனி ஹீட்டன், தானே சக்கர நாற்காலியில் இருப்பவர். 1994இல் சாம்பல் நிறச் சக்கர நாற்காலிகளைப் பிரித்து, அந்த பாகங்களாலேயே பிரிட்டன் வரைபடத்தை உருவாக்கினார். அதில் யாரும் உச்சுக்கொட்ட முடியாது, நாடே நாற்காலியாகிவிட்டதே! 1998இல் டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீனின் ஃபேஷன் மேடையில் இரண்டு காலும் இல்லாத ஏமி மல்லின்ஸ், பூவேலை செதுக்கிய மரக் கால்களோடு நடந்தார். பூட்ஸ் என்றே பலர் நினைத்தார்களாம்.

செயற்கைக் காலே இல்லாத ஒன்றும் சேர்த்தி: ஜெனீவாவில் கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997இல் வைத்த 12 மீட்டர் மர நாற்காலி. ஒரு கால் சிதைந்தும் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று கண் கணக்குப் போடும். நான் தினமும் போடும் கணக்கு அது.

போன வருடம் சிற்பம் படிக்கும் பையன் ஒருவன் கண்காட்சிக்கு என் பழைய காலைக் கேட்டான். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். சாக்கெட்டுக்குள் பழுப்பேறிய வியர்வைத் தடம் அப்படியே இருந்தது.

"அண்ணா, பெயின்ட் அடிச்சுக்கட்டுமா?"

"வெளியில என்ன வேணா அடிச்சுக்கோ. உள்ள மட்டும் துடைச்சிடாத."