ஓடி வந்த கிரேஹவுண்டுக்கு உடம்பு வலி: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: எங்கள் கிரேஹவுண்ட் நாய் ராக்கிக்கு 3 வயது. பல வாரங்களாக வீட்டுக்குள்ளேயே கிடந்தவனைப் போன ஞாயிறு வெயிலில் ஒரு மைதானத்தில் அவிழ்த்துவிட்டோம். ஆசை தீர ஓடினான். மறுநாள் பின்னங்கால்கள் இரண்டும் விறைத்து, எழவே கஷ்டப்பட்டான். இடுப்பைத் தொட்டால் அலறுகிறான். அன்று சிறுநீரும் கொஞ்சம் கறுப்பாகப் போன மாதிரி இருந்தது. நாங்கள் போடும் ஐபுப்ரோஃபென் மாத்திரையில் பாதி கொடுத்தோம். இந்த இனத்துக்கு எலும்புப் புற்றுநோய் அதிகம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. ராக்கியோ கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான்; உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை; ரத்தப் பரிசோதனையில் தைராய்டு வேறு குறைவாம். எல்லாம் அந்த நோயின் அறிகுறிகளா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் எலும்புப் புற்றுநோய்க்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. கிரேஹவுண்டுகளுக்கு அது அதிகம் வருவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் 7 வயதுக்கு மேல்தான் வரும். அநேகமாக ஒரே காலில் தொடங்கும். முழங்காலை ஒட்டியோ, முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலேயோ, தோள்பட்டைக்கு அருகிலோ கெட்டியான வீக்கம் தெரியும். ஓய்வு கொடுத்தாலும் நொண்டல் விடாது. ஓடிய மறுநாள் இரண்டு கால்களும் சேர்ந்து விறைத்துக்கொள்வது அந்த நோயின் வழி இல்லை. இரண்டு வார ஓய்வுக்குப் பிறகும் ஒரு காலை மட்டும் நொண்டினால் எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை அந்தப் பேச்சை விடுங்கள்.

நான் கவலைப்படுவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றி: சிறுநீர் கறுப்பாகப் போனது. விடிய விடிய இணையத்தில் தேடியவருக்குப் புற்றுநோய் கிடைத்தது. இது மட்டும் கண்ணில் படவில்லை!

பழக்கம் விட்டுப்போன நாய் வெயிலிலும் புழுக்கத்திலும் முழு வேகத்தில் ஓடினால் தசை நார்கள் வலிப்பதோடு நிற்காமல் சிதையத் தொடங்கலாம். கிரேஹவுண்ட் சில எட்டுகளிலேயே உச்ச வேகத்தை நெருங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். உடம்பு தயாராக இருக்கிறதா என்று யோசித்து ஓடுகிற பிராணி இல்லை அது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். அப்போது சிறுநீர் செம்பழுப்பாகவோ, முற்றிப்போனால் கடுங்காப்பி நிறத்திலோ போகும். இந்த நிறமி சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுத்துவிடும். தசை மெல்ல ஆறிவிடும். சிறுநீரகம் கெட்டால் மீட்பது கஷ்டம். பெரும்பாலும் ஓடிய இரண்டு மூன்று நாளுக்குள் இதெல்லாம் நடக்கும். கூடவே முதுகின் இரு பக்கமும் கல் மாதிரி இறுகியிருக்கும். நாய் முதுகை வளைத்துக்கொண்டு மூச்சிரைக்க நிற்கும்.

புல்லில் போகிற சிறுநீரின் நிறம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் அடுத்த முறை அவன் நிற்கும்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தை அடியில் நீட்டிப் பிடியுங்கள். முடியாவிட்டால் ஈரமான இடத்தில் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருந்தாலும் ராக்கியை ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே ஒருமுறை நிறம் மாறியிருக்கிறது. பழுப்பாக இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள். கிண்ணத்தில் பிடித்ததையும் மூடி எடுத்துப் போங்கள். சோதனைப் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுக்களே இல்லையென்றால் தசை நிறமி என்ற சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் தசை நொதியான சி.கே. அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். கிரேஹவுண்டுகளுக்குத் தசை அதிகம் என்பதால் கிரியாட்டினின் இயல்பாகவே மற்ற நாய்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். மறுபடி எடுக்கும்போது அது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். நேரத்தோடு கொண்டுவந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

அப்புறம் அந்த மாத்திரை. நமக்குத் தலைவலிக்கு ஆகிறதே, நாய்க்கு ஏன் ஆகாது என்று எத்தனை பேர்தான் கேட்பீர்களோ! ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே தசை நிறமியோடு மல்லுக்கட்டும் சிறுநீரகத்தின் மேல் அதையும் ஏற்றியிருக்கிறீர்கள். 'பாதிதானே' என்பது சமாதானம் இல்லை. பாராசிட்டமாலும் வேண்டாம், அது கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். வலித் தைலமும் வேண்டாம், நக்கியே உள்ளே இறக்கிவிடும். நாய்களுக்கென்றே மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் சிறுநீரகம் சரியாக இருப்பது தெரிந்த பிறகுதான், எடை பார்த்து, மருத்துவர் கொடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் கொடுத்த கையோடு இன்னொரு வலி மாத்திரை கொடுக்கவே கூடாது.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கண் திறந்து தூங்குவது பல கிரேஹவுண்டுகளின் வழக்கம். தொடைத் தசை பெரிதென்பதால் உட்காருவது அவற்றுக்குச் சௌகரியப்படாது, அது நோயில்லை. தைராய்டு அளவும் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே குறைவு. அந்த ஒரு எண்ணை நம்பி மாத்திரை தொடங்க வேண்டாம்.

அலறலையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நகம் வெட்டப் போனாலே ஊரைக் கூட்டும் இனம் இது. நிஜமான வலியில் சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும். தசை வலியைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாயை நிற்கவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் இரு பக்கமும் வைத்துக் கழுத்திலிருந்து தோள், முதுகு, தொடை என்று மெதுவாக இறங்குங்கள். ஒரு பக்கம் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கிறதா? எந்த இடத்தில் தோல் துடிக்கிறது, காது பின்னால் மடிகிறது, இரைத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நிற்கிறது என்று கவனியுங்கள். தொடையின் உட்புறத்தையும் முன்னங்காலுக்குப் பின்னால் தோளையொட்டிய தசையையும் விட்டுவிடாதீர்கள். வேகமாக ஓடுகிற நாய்களுக்குத் தசை கிழிவது அங்கெல்லாம் சகஜம். கிழிந்திருந்தால் விரலுக்குச் சின்னப் பள்ளமோ வீக்கமோ தட்டுப்படும். முடி குறைவான உள்தொடையில் ஊதா நிறக் கன்றலும் தெரியும்.

சிறுநீரகம் நன்றாக இருப்பது உறுதியானால், மீதி வைத்தியம் பெரும்பாலும் பொறுமைதான். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். அதன் பிறகு இளஞ்சூட்டு ஒத்தடம். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் கிடையாது, சட்டென்று சுட்டுவிடும். வீங்கிய தசையை முதல் நாட்களில் பிடித்துவிட வேண்டாம், கசிவு கூடும். படி, சோபா இரண்டுக்கும் தடை. மலஜலம் கழிக்க மட்டும் வாரில் பிடித்து மெதுவாக நடத்துங்கள். வெறும் விறைப்பு என்றால் சில நாளில் தெளிந்துவிடும். கிழிசல் ஆறச் சில வாரங்கள் ஆகும். நொண்டாமல் நடக்கிறானே என்று உடனே அவிழ்த்துவிட்டால் அதே இடம் மறுபடி கிழியும். திரும்ப ஓடவிடும் நாளிலும் முதலில் 10 நிமிடம் நடை, அப்புறம் சின்ன ஓட்டம். அதுவும் வெயில் தாழ்ந்த பிறகுதான்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், ஒருமுறைதானா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழும். ஆனால் எந்த மருந்தைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று அவர் முடிவெடுக்க அந்தத் தகவல் வேண்டும்.