பெயருக்கு முன்னால் எத்தனை கோடு?

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கிறேன். சில பெயர்களுக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் (_ என்ற அடிக்கோடு), சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு. எதை எங்கே போடுவது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒற்றைக் கோடு ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். _இருப்பு என்று எழுதினால் 'இது உள்வேலைக்கு, வெளியிலிருந்து தொடாதீர்கள்' என்று அர்த்தம். மீறித் தொட்டால் பைத்தான் தடுக்காது.

இரண்டு கோடு வேறு சங்கதி. கணக்கு என்ற கிளாஸுக்குள் (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த வார்ப்பு) __இருப்பு என்று வைத்தால் பைத்தான் அதை _கணக்கு__இருப்பு என்று மாற்றிக்கொள்ளும் (பைத்தான் 3-இல் தமிழ்ப் பெயரே வைக்கலாம், வைத்துப் பாருங்கள்). பலர் இதைப் பூட்டு என்று நினைக்கிறார்கள், இல்லை, அந்த மாறிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வெளியிலிருந்தும் கிடைக்கும். சப்கிளாஸ் (ஒரு கிளாஸிலிருந்து கிளைக்கும் இன்னொரு கிளாஸ்) எழுதுபவர் தெரியாமல் அதே பெயரை வைத்தால் ஒன்றோடொன்று மோதக்கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லாவற்றுக்கும் இரண்டு கோடு போட்டேன், அந்த நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எழுத வந்தவர் ரொம்பச் சிரமப்பட்டார். நீங்கள் ஒற்றைக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது போதும்.

இரு பக்கமும் இரண்டு கோடு என்றால் அது பைத்தானுக்கே உரியது, __இனிட்__ (__init__, கிளாஸிலிருந்து ஒன்றை உருவாக்கும்போது தானாக ஓடுவது) மாதிரி. நாமாகப் புதிதாக எதையும் அப்படி உருவாக்கக் கூடாது என்று 2001-இல் வந்த பெப் 8 நடைக் கையேடும் சொல்கிறது. அப்புறம், 'கிளாஸ்' போல மொழியே எடுத்துக்கொண்ட சொல்தான் பெயராக வேண்டுமென்றால், கடைசியில் ஒரு கோடு (class_ என்பதுபோல).