கணவர் ஓட்டிய காரில் மகளுக்கு அடி: இழப்பீடு வருமா?

கேள்வி: உளுந்தூர்பேட்டை அருகே எங்கள் கார் மீது பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. எனக்கும் கணவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. நான்கு வயது மகளுக்குத் தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். "உங்கள் கணவர் திடீரென பிரேக் போட்டார், பணம் வராது" என்கிறது லாரித் தரப்பு. ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்ய? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: தைரியமாக மனு போடுங்கள். பிரேக் போட்டது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், குறைவது உங்கள் கணவருடைய இழப்பீடுதான். காருக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? இரண்டு வண்டிகள் மீதும் தவறு இருந்தால், அடிபட்டவர் முழுத் தொகையையும் ஒரே தரப்பிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. பிறகு அவர்கள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

மகளின் காப்பாளராக நீங்கள் கையெழுத்திடுங்கள்; வண்டி ஓட்டிய கணவர் வேண்டாம். தஞ்சாவூரில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் அலையத் தேவையில்லை. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு, மனுவை முதலில் போட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 'அறிமுகமானவர்' விஷயம். பிளாஸ்டர் காய்வதற்குள் வார்டுக்கு வந்து நிற்கும் இந்த ஆட்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முதலில் வெற்று வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் தாள்) கையெழுத்து, அடுத்து நிரப்பாத செக் கேட்பார்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. இவர் வக்கீல்கூட இல்லை. மைனருக்கு வரும் பணம் பெரும்பாலும் 18 வயதுவரை வங்கி டெபாசிட்டில் இருக்கும். அப்படியானால் கமிஷன் எங்கிருந்து வரும்? உங்கள் பையிலிருந்து. இல்லாவிட்டால் 'மகளின் படிப்புச் செலவுக்கு' என்று பொய் மனு போட்டு, அந்த டெபாசிட்டை உடைக்க வைப்பார்கள். இன்சூரன்ஸ் ஆள் "இத்துடன் கணக்கு முடிந்தது" என்று நீட்டும் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். மைனரின் வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். விதிப்படி போலீசே 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நடப்பது என்ன? ஒரு எஃப்.ஐ.ஆர். காப்பிக்கே "ரைட்டர் லீவு, நாளைக்கு வாங்க" என்பார்கள். விதி எழுதினவர் ஸ்டேஷன் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம்.

ஊனச் சான்றுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். வளரும் வயதில் உடைந்த கால் மற்றதைவிட நீளமாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். அது தெரிய நாளாகும். நிரந்தர ஊனம் என்று ஆனால், "குழந்தைக்கு ஏது வருமானம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி பேரம் பேசும். தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். லாரியே இல்லாமல் கார் தானாகத் தடுப்புச்சுவரில் மோதியிருந்தால்? அப்போது பணம் உங்கள் கார் பாலிசியிலிருந்துதான் வர வேண்டும். வெறும் தர்ட் பார்ட்டி பாலிசி (வெளியாட்களுக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமானது) என்றால் காரில் வந்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி கைகழுவிவிடும், பெற்ற மகளானாலும். பேக்கேஜ் பாலிசி (சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்த முழு பாலிசி) என்றால் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும்; அப்போது கணவர் எதிர்மனுதாரர் ஆவார். வீட்டில் சண்டை என்று அர்த்தமில்லை, கொடுப்பது கம்பெனிதான். ஆனால் நாலு காசு மிச்சம் என்று பலர் தர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், விற்றவரும் சொல்வதில்லை. உங்களுக்கு லாரி இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் பாலிசி நகலை வக்கீலிடம் கொடுங்கள். பேக்கேஜ் என்றால் உங்கள் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பாரா என்று கேளுங்கள்.